உள்ளே புகுந்த கதிரை அளத்தல்

அணுசக்தி நிலையம் ஒன்றில் வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளி தம் நெஞ்சில் அணிந்திருந்த சிறு சின்னமொன்றைக் கழற்றி வாயிலருகே வைத்துவிட்டுச் செல்கிறார். அச்சின்னத்தினுள்ளே கதிர்வீச்சை உணரும் படலமோ பளிங்குத் துண்டோ அடங்கியிருக்கும். குறித்த காலத்திற்கு ஒரு முறை அதே தொழிலாளி மற்றொரு பொருளையும் ஒப்படைக்கிறார். அஃது அவருடைய சிறுநீர் நிரம்பிய போத்தல். சின்னம் ஒரு சாட்சி. போத்தல் மற்றொரு சாட்சி. முன்னையது உடலுக்கு வெளியே நின்று தாக்கிய கதிர்களைப் பற்றிச் சொல்கிறது. பின்னையது உடலினுள்ளே புகுந்து தங்கிய பொருளைப் பற்றிச் சொல்கிறது. முதற் சாட்சி இருக்க இரண்டாவது எதற்கு என்று கேட்கலாம். அதற்குரிய விடை நூறாண்டு அனுபவத்திற் பிறந்தது. அவ்வனுபவத்தின் ஒரு பகுதி பெருந் துயரத்தோடு கூடியது.

கதிர்த்தொழிற்பாடுடைய பொருள்கள் வெளிவிடும் கதிர்கள் யாவும் ஒரே இயல்பின அல்ல. காமாக் கதிர்கள் ஊடுருவும் வன்மை மிக்கவை. அவை உடலை ஊடறுத்து அப்பாற் செல்ல வல்லவை. பீற்றாத் துணிக்கைகள் தோலையும் அதன் கீழுள்ள சில மில்லிமீற்றர்களையும் மட்டுமே கடக்கும். அல்பாத் துணிக்கைகளோ ஒரு கடதாசித் தாளையுங் கடக்க மாட்டா. உடலின் மேற்றோலில் உள்ள உயிரற்ற படையே அவற்றைத் தடுத்துவிடும். ஆகவே, வெளியே இருக்கும்வரை அல்பாக் கதிர் வீசும் பொருளால் தீங்கில்லை. ஆயின் அப்பொருளின் நுண்ணிய தூசி மூச்சோடு உள்ளே சென்றுவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. தடுத்து நிறுத்த அங்கே உயிரற்ற தோல் இல்லை. உயிருள்ள கலங்களே உள்ளன. ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைந்த தூரத்தில் அல்பாத் துணிக்கை தன் சத்தி முழுவதையும் இறக்கி வைக்கிறது. வெளியிலுள்ள பொருளை விட்டு விலகி நிற்கலாம்; இடையே சுவரெழுப்பலாம். உள்ளே புகுந்த பொருளோ இரவும் பகலும் உறக்கத்திலும் உடனிருக்கும். நெஞ்சிலே தொங்கும் சின்னம் இதனைச் சிறிதும் அறியாது.

இவ்வுண்மையை உலகம் முதன்முதலாகக் கற்றது அணு உலையிலன்று, கடிகார முகப்பிலே. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஒறேஞ்சு நகரில், 1917 ஆம் ஆண்டு தொடக்கம், இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு வர்ணந் தீட்டும் தொழிற்சாலையொன்று இயங்கியது. வர்ணத்திலே இரேடியமும் நாகச் சல்பைட்டும் கலந்திருந்தன. அங்கு வேலை செய்த இளம் பெண்கள் தூரிகையின் நுனியைக் கூராக்குவதற்காக அதனை உதடுகளுக்கிடையே வைத்து இழுப்பது வழக்கம். அவ்வாறே செய்யும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரேடியத்தின் அணுவளவான பங்கு அவர்களுடைய வயிற்றினுட் சென்றது. இரசாயன இயல்பில் இரேடியம் கல்சியத்தை ஒத்தது. எனவே உடல் அதனைக் கல்சியமென்றே கருதி எலும்பிலே சேர்த்து வைத்தது. சில ஆண்டுகளிற் பற்கள் உதிர்ந்தன. தாடையெலும்பு அழுகியது. குருதி வற்றியது. பின்னர் எலும்பிற் புற்றுநோய் கண்டது. அவர்களைப் பரிசோதித்தோர் தொடக்கத்தில் வேறு நோய்களின் பெயர்களைக் கூறினர். இரேடியம் அந்நாளில் மருந்தெனப் போற்றப்பட்ட பொருள் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அம்மாநிலத்தின் எசெக்ஸ் பகுதியில் மரண விசாரணைப் பொறுப்பை வகித்த வைத்தியர் ஹரிசன் மார்ட்லண்ட் என்பவர் 1925 ஆம் ஆண்டில் இப்பெண்களின் உடல்களிலே கதிர்த்தொழிற்பாடு உண்டு என்பதை அளந்து காட்டினார். உயிரோடிருந்தவர்களின் வெளிமூச்சிலும் அது வெளிப்பட்டது. இரேடியம் சிதையும்போது இரேடன் என்னும் வாயு தோன்றுகிறது. எலும்பிலே தோன்றும் அவ்வாயுவின் பெரும் பகுதி குருதி வழியாக நுரையீரலை அடைந்து மூச்சோடு வெளியேறும். ஆகவே மூச்சை அளந்தால் எலும்பிலுள்ள இரேடியத்தின் அளவைக் கணிக்கலாம். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ரொப்லி எவன்ஸ் 1930 ஆம் ஆண்டுகளில் இம்முறையைத் திருத்தமாக வளர்த்தார். நோயுற்றோர், நோயுறாதோர் ஆகிய இரு சாராரின் உடற் சுமைகளையும் ஒப்பு நோக்கி, 1941 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தின் குழுவொன்று ஓர் எல்லையை வகுத்தது. ஒருவரின் உடலில் ஒரு மைக்குரோகிராமின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரேடியம் தங்கலாகாது என்பதே அவ்வெல்லை. அளந்து, எல்லை வகுத்து, எல்லையை நெருங்குவோரை வேலையினின்றும் விலக்கும் முறை இங்ஙனம் தோன்றியது. அதற்கு விலை கொடுத்தோர் அப்பெண்கள்.

அதே 1941 ஆம் ஆண்டிற்றான் கலிபோர்னியாவிலே கிளென் சீபோர்க்கும் அவர்தம் துணைவரும் புளூட்டோனியம் என்னும் புதிய மூலகத்தை இனங்கண்டனர். அணுகுண்டு முயற்சிக்காக அதனைப் பெருமளவில் ஆக்கத் தொடங்கியபோது சீபோர்க்கின் மனத்திற் கடிகாரத் தொழிலாளரின் கதை நின்றது. புளூட்டோனியம் உடலினுட் சென்றால் என்ன நிகழும் என்பதை உடனே ஆராயவேண்டுமென்று 1944 ஆம் ஆண்டு சனவரியில் அவர் எழுத்து மூலம் எச்சரித்தார். அவ்வாண்டு ஓகத்து மாதத்திலே லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் அவ்வச்சம் நேரிற் காணும்படி ஆயிற்று. இளம் இரசாயனவியலாளர் ஒருவரின் கையிலிருந்த சிறு கண்ணாடிக் குப்பி வாயு அமுக்கத்தால் வெடித்தது. அதிலே பத்து மில்லிகிராம் புளூட்டோனியம் கரைந்திருந்தது. அக்கரைசல் சுவரிற் பட்டுத் தெறித்து அவருடைய முகத்திலும் வாயினுள்ளும் விழுந்தது. அமிலத்தின் சுவையை அவர் நாவில் உணர்ந்தார். அந்நாளில் அவ்வாய்வுகூடத்திடம் இருந்த புளூட்டோனியம் மிகச் சொற்பம். வைத்தியர் லூயி ஹெம்பல்மன் அவருடைய வாயைத் திரும்பத் திரும்பக் கழுவினார். இரைப்பையிலிருந்தும் நீரை வெளியேற்றினார். அதன் பின்னரும், சில அடி தூரத்திலிருந்த அளவுகருவியை நோக்கி அவ்விளைஞர் மூச்சு விட்டபோது கருவியின் முள் அசைந்து எல்லையைக் கடந்தது.

உடலில் எவ்வளவு தங்கியது என்ற கேள்விக்கு அன்று எவராலும் விடை கூற இயலவில்லை. இரேடியத்தைப் போலப் புளூட்டோனியம் வாயுவைப் பிறப்பிப்பதில்லை. வலிய காமாக் கதிரையும் அது வீசுவதில்லை. மூச்சு சாட்சி சொல்லாது. வெளியே வைத்த கருவியும் சாட்சி சொல்லாது. எஞ்சிய வழி கழிவுப் பொருளே. இரசாயனவியலாளர் ரைட் லாங்ஹம் தலைமையிலே சிறுநீரிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் முறை 1945 ஆம் ஆண்டு தொடக்கத்தில் உருவாயிற்று. அதன் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடலில் ஒரு மைக்குரோகிராம் இருந்தால், ஒரு நாட் சிறுநீரில் வெளிப்படுவது அதன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. முழு நாட் சிறுநீரை வற்ற வைத்து, உப்புகளை நீக்கி, எஞ்சியதை ஓர் உலோகத் தட்டில் மெல்லிய படையாக்கி, அதிலிருந்து வெளிப்படும் அல்பாத் துணிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணினர்.

இதில் ஒரு பெரும் இடரும் இருந்தது. தொழிலாளியின் கையிலோ உடையிலோ ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று போத்தலில் விழுந்தாற் போதும். உடலில் இல்லாத புளூட்டோனியம் உடலில் உள்ளது போலத் தோன்றிவிடும். ஆதலாற் பரிசோதிக்கப்படுவோரை முதலில் இரண்டு நாள் வேலைத்தலத்திலிருந்து விலக்கி வைத்தனர். பின்னர் குளிக்கச் செய்து, வேற்றுடை அணிவித்து, மருத்துவமனையின் தனியறையில் இருத்தி, ஒரு நாட் சிறுநீர் முழுவதையுஞ் சேகரித்தனர். இன்றும் பல நிலையங்களில் மாதிரிப் போத்தலை வேலைத்தலத்தில் நிரப்பாமல் வீட்டிலேயே நிரப்பி வரும்படி பணிப்பதற்கு இதுவே காரணம்.

அளக்கக் கற்ற பின்னரும் ஒரு கேள்வி நின்றது. சிறுநீரிற் கண்ட அளவுக்கும் உடலில் உள்ள அளவுக்கும் விகிதம் யாது? அதனை அறிவதற்குக் கையாளப்பட்ட வழி இத்துறையின் வரலாற்றிலே அழியாத கறையாயிற்று. 1945 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் 1947 ஆம் ஆண்டு யூலை வரையில், அமெரிக்க மருத்துவமனைகள் நான்கில், வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த பதினெட்டு நோயாளருக்குப் புளூட்டோனியம் ஊசி மூலம் ஏற்றப்பட்டது. தம் உடலில் ஏற்றப்படுவது இன்னதென்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அதனால் அவர்களுக்கு யாதொரு மருத்துவப் பயனும் இல்லை. அவர்களுடைய கழிவுகளிலிருந்து பெற்ற எண்களைக் கொண்டே, 1950 ஆம் ஆண்டில், லாங்ஹம் தம் பெயரால் வழங்கும் சமன்பாட்டை வகுத்தார். 1990 ஆம் ஆண்டுகளில் இவ்விடயம் பத்திரிகை மூலம் பொது மக்களுக்கு விரிவாகத் தெரியவந்தது. அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் ஆலோசனைக் குழுவொன்றை நியமித்தார். 1995 ஆம் ஆண்டு ஒற்றோபரில் அக்குழுவின் அறிக்கையைப் பெற்றுக்கொண்ட அவர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். தொழிலாளரைக் காக்கும் கணக்கு ஒன்று, காக்கப்படாத நோயாளரின் உடலிலிருந்து பிறந்தது. அக்கணக்கைப் பயன்படுத்துவோர் இதனை மறத்தல் தகாது.

அச்சமன்பாடு கூறுவது யாதெனில், குருதியிற் கலந்த புளூட்டோனியத்தில் முதல் நாளிலே ஆயிரத்தில் இரண்டு பங்கு சிறுநீரில் வெளிப்படும். பின்னர் அவ்வீதம் விரைந்து குறையும். நூறாவது நாளில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்துவிடும் என்பதாகும். ஆகவே, ஒரே அளவு சிறுநீரிற் காணப்பட்டாலும், பொருள் உட்சென்றது நேற்றா, சென்ற ஆண்டா என்பதைப் பொறுத்து உடற் சுமையின் கணக்குப் பன்மடங்கு வேறுபடும். எப்பொழுது உட்சென்றது என்பதை அறியாத அளவீடு பாதி அளவீடே. இதன் பொருட்டே வேலைத்தலத்திற் பல காவல்கள் அமைக்கப்பட்டன. ஐயத்திற்கிடமான நிகழ்ச்சி நேர்ந்தவுடன் தொழிலாளியின் இரு நாசித் துவாரங்களையும் தனித்தனியே துடைத்து அத்துணுக்குகளை அளப்பர். சுவாசித்த தூசியின் முதற் சான்று அங்கேதான் கிடைக்கும்.

அறையின் மூலையில் வைத்த காற்றுமானி மட்டும் போதாது என்பதும் அனுபவத்தால் அறியப்பட்டது. 1960 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில், தொழிலாளியே உடன் கொண்டு செல்லும் சிறு காற்று உறிஞ்சி ஒன்று ஆக்கப்பட்டது. அது மூக்கின் அருகேயுள்ள காற்றையே வடித்தெடுக்கும். வேலை செய்பவரின் கைகளே தூசியைக் கிளப்புகின்றனவாதலால், அவர் சுவாசிக்கும் காற்று அறையின் பொதுக் காற்றினும் பெரிதும் மாசுற்றிருக்கக் கூடும். எளிதிற் கரையாத பொருளாயின், சிறுநீரை விட மலமே முதலில் உண்மையைச் சொல்லும். மூச்சுக் குழாய்களின் மென்மயிர்கள் தூசியை மேலே தள்ள, அது விழுங்கப்பட்டுச் சில நாட்களில் மலத்தோடு வெளியேறுகிறது. பேசக் கூசும் பொருளாயினும் தொழிலாளியின் நலத்திற்கு அது இன்றியமையாத சான்று.

காமாக் கதிர் வீசும் பொருள்களாயின் வேறொரு வழியும் உண்டு. அவற்றின் கதிர் உடலை விட்டு வெளியேறுவதால் வெளியிலிருந்தே அளக்கலாம். முழுவுடல் எண்ணி என வழங்கும் கருவி இதற்கென அமைந்தது. எண்ணுதற்குரிய கதிர் சொற்பம். சுற்றுச்சூழலிலிருந்து வரும் கதிரோ ஏராளம். ஆதலால், தடித்த உருக்குச் சுவர்களையுடைய அறையினுள்ளே மனிதரைப் படுக்க வைத்தோ அமர்த்தியோ அளப்பர். இவ்வறைகள் பலவற்றுக்கு 1945 ஆம் ஆண்டிற்கு முன் வார்க்கப்பட்ட உருக்கைத் தேடிப் பெற்றனர். பழைய போர்க்கப்பல்களின் தகடுகளும் இவற்றுள் அடங்கும். அணுகுண்டு வெடிப்புகளுக்குப் பின் வார்த்த உருக்கிலே காற்றின் வழி வந்த மாசு சிறிதளவு கலந்துவிட்டமையே அதற்குக் காரணம். சுவீடன் நாட்டு அறிஞர் ரொல்ப் சீவேட் உலகப் போருக்கு முன்னரே மனித உடலின் கதிரை அளக்கும் முயற்சியில் ஈடுபட்டார். இன்று கதிர்த் தாக்கத்தின் அலகு அவர் பெயராலேயே வழங்குகிறது.

இக்கருவியின் முன் வரும் எந்த மனிதரும் வெறுமையாகத் தோன்றுவதில்லை. உணவிலுள்ள பொற்றாசியத்தில் ஒரு சிறு பங்கு இயற்கையாகவே கதிர்த்தொழிற்பாடு உடையது. எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் உடலில் அப்பொற்றாசியத்தின் அணுக்கள் வினாடிக்குச் சுமார் 4000 சிதைகின்றன. உழவரும் உபாத்தியாயரும் இவ்வகையில் ஒருவரே. கருவியின் பணி இவ்வியற்கைப் பின்னணியினின்றும் வேற்றுப் பொருளின் குரலைப் பிரித்தறிவது. ஒவ்வொரு பொருளின் காமாக் கதிரும் தனக்கே உரிய சத்தியைக் கொண்டிருப்பதால் சீசியம் இது, கோபால்ற்று இது என இனங்காணலாம். எண்ணிக்கை சரியோ என்பதைச் சோதிக்க, மனித உருவாக அடுக்கிய போத்தல்களில் அளவறிந்த கரைசலை நிரப்பி, அவ்வுருவத்தை முதலில் அளப்பர். நுரையீரலிற் புளூட்டோனியத்தைத் தேடும்போதோ வேலை மிகக் கடினமாகிறது. அதன் மெல்லிய கதிர்களை விலாவெலும்பும் மார்புத் தசையுமே விழுங்கிவிடுகின்றன. ஆகையால் மார்புச் சுவரின் தடிப்பையும் தனியே அளந்து கணக்கிற் சேர்ப்பர்.

எண்ணியின் கண்ணுக்கு முற்றாகத் தப்பும் பொருளும் உண்டு. அதுவே திரித்தியம் என்னும் பார ஐதரசன். பாரநீரைப் பயன்படுத்தும் உலைகளில் இது மிகுதியாகத் தோன்றும். கனடாவிலும் இந்தியாவிலும் இத்தகைய உலைகள் பல. தமிழ் நாட்டின் கல்பாக்கத்தில் 1984 ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிய மின்னிலையமும் இவ்வகையினதே. திரித்தியத்தின் பீற்றாக் கதிர் தோலையுங் கடக்காது. ஆயின் திரித்தியம் சேர்ந்த நீர் மூச்சாலும் தோலாலும் உட்புகுந்து உடல் நீர் முழுவதிலும் சமமாகப் பரவிவிடும். அச்சமநிலையே அளப்பவருக்கு உதவுகிறது. உடல் நீர் முழுவதிலும் ஒரே செறிவு உள்ளமையால், ஒரு துளிச் சிறுநீரின் செறிவு முழுவுடலின் செறிவையும் காட்டும்.

இந்தியாவின் கர்நாடக மாநிலத்துக் கைகா அணுமின் நிலையத்தில், 2009 ஆம் ஆண்டு நவம்பரில், வழமையான சிறுநீர்ப் பரிசோதனையிலே தொழிலாளர் பலரிடம் திரித்தியம் மிகுந்து காணப்பட்டது. உலையில் யாதொரு கசிவும் இல்லை. தேடிச் சென்றபோது குடிநீர்க் குளிரூட்டி ஒன்று மாசுற்றிருந்தமை தெரியவந்தது. எவரோ வேண்டுமென்றே பாரநீரை அதிற் கலந்திருந்தனர் என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். நிலையத்தின் கருவிகளோ தொழிலாளரின் சின்னங்களோ அறியாத குற்றத்தை, வழமை தவறாது நிரப்பிய போத்தல்கள் வெளிப்படுத்தின. திரித்திய நீர் உடலிற் சுமார் பத்து நாளிலே பாதியாகக் குறையும். நீரை நிறையப் பருகச் செய்தும் சிறுநீரைப் பெருக்கும் மருந்தளித்தும் அக்காலத்தை மேலும் சுருக்கலாம்.

காலந் தாழ்த்திய அளவீடு எத்துணைத் தீங்கு செய்யும் என்பதை யப்பான் காட்டியது. 2011 ஆம் ஆண்டு மார்ச்சு 11 ஆம் திகதி நிலநடுக்கமும் கடற்பேரலையும் புக்குசிமா அணுமின் நிலையத்தைத் தாக்கின. உலைகளிலிருந்து வெளிப்பட்ட கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் காற்றிலே கலந்தது. அவ்வயடீன் எட்டு நாளில் அரைவாசியாகும். தைரொயிட்டுச் சுரப்பியிற் சென்று தங்கும். இருளிலும் குழப்பத்திலும் முகமூடிகள் உரியவாறு அணியப்படவில்லை. நிலையத்திலிருந்த முழுவுடல் எண்ணிகளோ சுற்றிலும் பரவிய கதிரினாலே பயனற்றுப் போயின. வேறிடத்துக் கருவிகளால் அளப்பதற்குள் நாட்கள் பல சென்றன. அதற்குள் அயடீனின் பெரும் பங்கு சிதைந்து மறைந்தது. அவசர காலத்திற்கென உயர்த்தப்பட்ட 250 மில்லிசீவேட் எல்லையை ஆறு தொழிலாளர் கடந்திருந்தனர். அவர்களுள் மிகக் கூடுதலாகத் தாக்குண்டவரின் கணக்குச் சுமார் 678 மில்லிசீவேட். அதில் ஏறத்தாழ 590 உள்ளே புகுந்த பொருளால் வந்தது. சின்னத்தை மட்டும் நம்பியிருந்தால் அவருடைய கணக்கில் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவே தெரிந்திருக்கும்.

அளந்தபின் செய்யத்தக்கது யாது? பொருளுக்கேற்ப மருந்து வேறுபடும். அயடீன் புகும் அபாயம் உண்டெனில், முற்கூட்டியே சாதாரண அயடீன் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்துச் சுரப்பியை நிரப்பிவிடலாம். சீசியத்தைக் குடலிலே பற்றிப் பிடித்து வெளியேற்றுவதற்குப் பிரசிய நீலம் என்னும் சாயப் பொருள் உதவும். புளூட்டோனியம், அமெரிசியம் ஆகியவற்றைக் குருதியிற் கவ்விச் சிறுநீரிற் சேர்க்கும் மருந்தும் உண்டு. அதனை விரைந்து கொடுத்தல் வேண்டும். எலும்பிற் படிந்த பின் பயன் பெரிதும் குறையும். 1976 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் வாஷிங்ரன் மாநிலத்து ஹான்போர்ட் நிலையத்தில் இரசாயனக் கலமொன்று வெடித்து, 64 வயதுத் தொழிலாளர் ஒருவரின் முகத்திலும் தோளிலும் அமெரிசியம் பாய்ந்தது. அவரை மாதக்கணக்கிலே தனிமையில் வைத்து, நாள்தோறும் கழுவி, அம்மருந்தை ஏற்றி, ஒவ்வொரு நாளும் வெளியேறும் அளவை எண்ணினர். அவர் மேலும் பதினோராண்டு வாழ்ந்து, இருதய நோயால் 1987 ஆம் ஆண்டில் இறந்தார்.

எல்லைகளை வகுப்பதில் 1928 ஆம் ஆண்டு தோன்றிய கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு வழிகாட்டி வருகிறது. உள்ளே புகுந்த பொருளுக்கு அது ஒரு தனி விதி கூறும். அப்பொருள் இனிவரும் ஐம்பது ஆண்டுகளில் உடலுக்கு இழைக்கப்போகும் தாக்கம் முழுவதையும், அது புகுந்த ஆண்டின் கணக்கிலேயே எழுதவேண்டும் என்பது அவ்விதி. கடனைத் தவணை முறையிற் செலுத்தினாலும், வாங்கிய நாளிலே முழுத்தொகையையும் ஏட்டிற் பதிவது போன்றது இது. அவ்வாறு சேர்த்த மொத்தம், ஐந்தாண்டின் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவேட்டுக்கு மேற்படலாகாது. எந்த ஓராண்டிலும் 50 ஐக் கடத்தலாகாது. தொழிலாளருக்கான எல்லையாக அவ்வாணைக்குழு பரிந்துரைத்தவை இவையே.

லொஸ் அலமொசிலே போர்க்காலத்திற் புளூட்டோனியம் உட்சென்ற 26 தொழிலாளரை 1950 ஆம் ஆண்டுகள் தொடக்கம் அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவர்கள் தொடர்ந்து பரிசோதித்தனர். சிறுநீரிற் புளூட்டோனியம் கழிப்போர் என்று பொருள்படும் விளையாட்டுப் பெயர் ஒன்றை அவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் நெடுங்காலம் வாழ்ந்தனர். எனினும் ஒருவர் எலும்புப் புற்றுநோயால் இறந்தார். இருபத்தாறு பேர் என்னும் சிறு தொகையை வைத்து அஞ்சவேண்டியதில்லை என்று கூறவும் முடியாது, அச்சுறுத்தவும் முடியாது. 1968 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஒரு பதிவகம் நிறுவப்பட்டது. அதன் மூலம், தாம் இறந்தபின் தம் உடலுறுப்புகளை ஆராயலாமெனத் தொழிலாளர் சிலர் தாமாகவே முன்வந்து எழுதிக் கொடுத்தனர். உயிரோடிருந்தபோது சிறுநீரைக் கொண்டு கணித்த அளவும் உறுப்புகளிலே நேரிற் கண்ட அளவும் அங்ஙனம் ஒப்பிடப்பட்டன. பதினெட்டு நோயாளரிடம் கேட்காமற் பெற்ற அறிவை, இத்தொழிலாளர் தம் விருப்பத்தாற் கொடுத்துத் திருத்தினர்.

பதிவேடு இல்லாவிடின் நீதியும் இல்லை. அமெரிக்காவிலே அணுவாயுதத் தொழிலாளருக்கு நட்ட ஈடு வழங்கும் சட்டம் 2000 ஆம் ஆண்டில் நிறைவேறியது. புற்றுநோய் கண்ட தொழிலாளி ஒருவரின் கோரிக்கையை ஆராய்வோர் முதலில் நாடுவது அவருடைய பழைய அளவீடுகளையே. பல நிலையங்களிலே பல்லாண்டுகளுக்கு அத்தகைய அளவீடுகள் இல்லை. இருந்தனவும் கணக்கிடப் போதியனவல்ல. அத்தகைய இடங்களில், கணக்கைக் கேளாமலே, குறித்த புற்றுநோய்களுக்கு நட்ட ஈடு வழங்கும் தனிப் பிரிவொன்றைச் சட்டம் ஏற்படுத்தவேண்டியதாயிற்று. அளக்கத் தவறியது தொழிலாளியின் பிழையன்று என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட விதம் அது.

ஆகவே வாயிலில் வைக்கப்படும் போத்தல் அற்பமானதன்று. கடிகார முகப்பு தீட்டிய பெண்கள் இத்தகைய சாட்சி எதனையும் பெறவில்லை. அவர்களுடைய எலும்பே இறுதியிற் சாட்சியாயிற்று. இன்றைய தொழிலாளிக்கு அந்நிலை வராதிருக்க வேண்டுமாயின் மூன்று நெறிகள் காக்கப்படுதல் வேண்டும்: மாதிரி காலத்தில் எடுக்கப்படல் வேண்டும்; முடிவு மறைக்கப்படாமல் உரியவருக்கே சொல்லப்படல் வேண்டும்; பதிவேடு அவர் வாழ்நாள் கடந்தும் பேணப்படல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் நுட்பமான கருவிகளால் ஆவது சிறிதே. தம் உடலினுள்ளே உள்ளதை அறியும் உரிமை அவ்வுடலுக்கு உரியவருக்கே முதலில் உண்டு.